வெள்ளை மூடி, மஞ்சள் மூடி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கூப்பிடுவதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. வேலை இதுதான்: விளக்கைத் தணித்த சின்ன அறை, அறையில் ஒரு கட்டில், கட்டிலில் ஓர் ஆள், அந்த ஆளின் நீட்டிய கை. முழங்கைக்குக் கீழே ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, காற்றடித்து, ரத்தத்தை அப்படியே நிறுத்திவைப்பாள். கை மரத்துப்போய் அந்த ஆள் "போதும்மா தாயே" என்று முனகுகிற நேரத்தில் சடக்கென்று காற்றை இறக்கிவிடுவாள். அடைபட்ட ரத்தம் திபுதிபுவென்று பாயும். அப்போது மேல்கையில் இருக்கிற ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் திரையில் அளக்க வேண்டும். நல்ல குழாய் விரிந்து கொடுக்கும். கெட்ட குழாய் 'நீ யாரோ நான் யாரோ' என்று கிடக்கும். விரிவதும் என்ன, முழமா சாணா? இரண்டு தலைமுடிப் பருமன் விரிந்தாலே பெரிசு. திரையில் குழாயின் இரண்டு கரையிலும் கோட்டைக் கொண்டுபோய் வைப்பது மெஷின் இல்லை, அவள் கை. அந்தக் கைக்கு அங்கே மாற்றுக் கை கிடையாது.

ஆராய்ச்சி பெர்ரி பானத்தைப் பற்றியது. கருநீலப் பெர்ரிப் பழத்துக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிற நிறமி இருக்கிறதே, அது உள்ளே போனால் ரத்தக்குழாய் இளகுமா, இதயத்துக்கு நல்லதா என்று பார்க்கிறார்கள். நிறமிக்கு அந்தோசயனின் என்று வாயில் நுழையாத ஒரு பெயர். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அசல் சாறு. மீதிப் பேருக்கு அதே இனிப்பும் அதே புளிப்புமாகச் சாயத் தண்ணீர். ஒன்றுக்கு வெள்ளை மூடி, ஒன்றுக்கு மஞ்சள் மூடி. எந்த மூடிக்குள் எது என்று ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மாவுக்கே தெரியாது. தெரியக்கூடாது. குடிக்கிறவனுக்குத் தெரிந்தால் மனசு பொய் சொல்லும்; அளக்கிறவளுக்குத் தெரிந்தால் கை பொய் சொல்லும். அதனால் புட்டியை வேறோர் அறையில் ஜூஸ் அண்ணன் என்கிற உதவியாளர் திறந்து கொடுப்பார். அளவுக்காரியிடம் வருவது வெறும் கைகள்தான்.

வெறும் கைகள்தான். ஆனால் அவளுக்குக் கண் என்று ஒன்று இருக்கிறதே! குடிப்பதற்கு முன்பு ஒருமுறை, குடித்துச் சில மணி நேரம் கழித்து ஒருமுறை அளப்பாள். சில கைகளில் ஒரு வித்தியாசமும் இருக்காது. சில கைகளில் குழாய், காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் தாராளமாக விரியும். இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தாளே, அங்கேதான் வினை பிடித்தது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையால் ஓடியது; அவர் நெஞ்சுதான் ஓட மாட்டேன் என்றது. லிஃப்ட் கெட்டுப்போனால் மெக்கானிக் படியேறித்தானே மேலே போக வேண்டும்? இரண்டாவது மாடியிலேயே நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகிற குழாய் மூன்றிலும் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

சொல்வது அவர்களுக்குச் சுலபம். அவருடைய அண்ணன் இதே ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவர். வெளியே வந்தது துணி மூடித்தான். அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றவர் இவர். அதிலிருந்து ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே ஏதாவது கோமாளித்தனம் பண்ணிப் பேச்சை மாற்றிவிடுவார்.

"மேசையில ஏத்துறதுக்கு நான் என்ன சாப்பாடா?" என்றார் அன்றைக்கும்.

அவருடைய தங்கை வந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் துணி வெளுக்கும் கடை வைத்திருக்கிறவள், வாயைத் திறந்தால் பட்டாசு. "சிரிக்காதேண்ணா, பத்திக்கிட்டு வருது. பெரியண்ணனுக்கு ஆனா உனக்கும் ஆகணும்னு இருக்கா? அண்ணி, நீயாவது சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

அளவுக்காரி சொன்னாள். ஆனால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுக் கைகளைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் அப்படிக் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தபோது பேச்சை மாற்றத்தான் சொன்னாள்.

புருஷன் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நெசமாவே விரியுதா?"

"சில பேருக்கு. கொஞ்ச நேரம்."

"நீயே அளந்தியா?"

"பின்னே யாரு அளப்பா?"

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்டி" என்றார். அவர் முகத்தில் பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு தெளிச்சி. முங்குகிறவன் கையில் துரும்பைக் கொடுத்தாயிற்று, இனி எப்படிப் பிடுங்குவது? "ஆபரேஷனுக்குப் பதிலா இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள். "தேதி வர்ற வரைக்கும் தெம்புக்கு."

"ஆமாமா, தெம்புக்குத்தான்" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டுப் பாதியில் கழன்றுகொண்டவர்களின் புட்டிகள் கிடங்கில் அட்டைப்பெட்டிகளாகக் கிடந்தன. தொட்டியில் கொட்டிவிடச் சொல்லி உத்தரவு. ஜூஸ் அண்ணன் நல்ல மனுஷர். "கொட்டுறதைக் கொண்டுபோனா யாருக்கு என்ன நஷ்டம்? எந்த மூடி வேணும், சொல்லு தங்கச்சி" என்றார்.

இரண்டிலும் ஒவ்வொன்றைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். மஞ்சள் மூடியில் இருந்தது மங்கலாக, கொஞ்சம் பழுப்பேறி, கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. வெள்ளை மூடியில் இருந்தது அப்படியே கருநீலம். டம்ளரை ஆட்டினால் விளிம்பில் கறை நின்றது.

"இதுல என்னண்ணே சந்தேகம்? நிறம்தானே மருந்தே?"

"அதானே. நானும் வெள்ளைன்னுதான் கேன்டீன்காரரோட பந்தயம் கட்டியிருக்கேன்."

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற உலகம் இது. கறுத்ததெல்லாம் மருந்து என்று நம்பின இந்த இரண்டு பேரையும் பார்த்து யார் சிரிப்பது? பழத்தின் நிறமி புட்டிக்குள் நாள்பட்டால் மங்கிப்போகும் என்பதும், கடைச் சாயம் என்றைக்கும் மினுக்கிக்கொண்டே இருக்கும் என்பதும் கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். நிறமியிலேயே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிறத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

வெள்ளை மூடிப் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். "பாத்தியா, பேயாட்டம் இருக்கேன்" என்று ஊதா நாக்கோடு அவள் முன்னால் வந்து நிற்பார். அவள் சிரிப்பாள். வீட்டில் சிரிப்பு திரும்பி வந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அளவுக்காரி! இன்னிக்கு மூணாவது மாடி வரைக்கும் ஏறினேன். உக்காரலை!" என்றார். அடுத்த வாரம் நான்காவது மாடி. சாயத் தண்ணீர் நான்கு மாடி ஏற்றுமா என்று கேட்காதீர்கள். பயம் விட்டுப்போன நெஞ்சு கொஞ்ச நாள் எதையும் ஏறும். வலி இருந்திருக்கும், அதை வலி என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்திருப்பார்.

அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது? விடுமுறை நாளில், கூடத்தில் யாரும் இல்லாதபோது அவரைக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். பானம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒருமுறை அவரை இப்படி ரகசியமாக அளந்து வைத்திருந்தாள். அந்தக் குழாய் அன்றைக்குக் கல்லாகக் கிடந்தது. இன்றைக்குப் பட்டையைக் கட்டினாள், காற்றடித்தாள், இறக்கினாள். திரையில் கரை துடித்தது. கோட்டை வைத்தாள். கரை எப்போதும் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும். கோட்டை இந்தப் பக்கமும் வைக்கலாம், ஒரு மயிரிழை அந்தப் பக்கமும் வைக்கலாம். யார் யாரோ படுத்தபோதெல்லாம் நியாயமாக நின்ற கை, தன் புருஷன் படுத்ததும் அந்தப் பக்கமாக நகர்ந்தது. அவள் அறிந்து செய்யவில்லை, சத்தியமாக அறிந்து செய்யவில்லை. தனக்கென்று வரும்போது தராசு தானாகச் சாய்கிறது, வேறென்ன சொல்ல?

"விரிஞ்சிருக்குங்க" என்றாள். "நெசமாவே விரிஞ்சிருக்கு."

அவர் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம். "ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லேன்" என்றார். "வேணாம்னு சொல்லலை. கொஞ்சம் தள்ளி. நீ அளந்து சொன்னதாலதான் கேக்குறேன்."

போன் போட்டது அவள்தான். அவர் போட்டிருந்தால்கூடப் பின்னால் ஒரு ஆறுதல் இருந்திருக்கும். எதிர்முனையில் இருந்த பெண், டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று இவள் பொய் சொன்னாள்.

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்தபோது வெளுக்கப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்குறியே! பழத்தண்ணி குடிச்சு யாருக்காவது அடைப்பு போயிருக்கா?"

"நான் அளந்து பாத்தேன்" என்றாள் அளவுக்காரி.

"நீ அளந்தே! பெரிய இவ!" என்றாள் நாத்தனார். பிறகு குரல் உடைந்துபோய், "எனக்கு மிச்சம் இருக்கறது ஒரே அண்ணன், அண்ணி" என்றாள்.

தள்ளிவைத்த தேதியும் நெருங்கி வந்தது. அது வருவதற்குள், ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில் அவர் விழுந்துகிடந்தார். லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்ததால் ஸ்ட்ரெச்சர் படி வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. கூட வேலை செய்தவர்கள் மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல உடம்புக்காரர், தூக்கினவர்களுக்கே மூச்சு வாங்கியது.

உயிர் போகவில்லை. ஆனால் ஆபரேஷன் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இதயத்தில் பெரும்பகுதித் தசை செத்துவிட்டது என்றார். மிச்சம் இருப்பது ஏதோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

"அப்ப இப்பவே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர். அவரை நான் சம்மதிக்க வைக்கிறேன்."

"இப்ப முடியாதும்மா. ஆபரேஷனை இதயம் தாங்காது. முன்ன குடுத்த தேதிக்கு வந்திருந்தா..." அவர் முடிக்கவில்லை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க வந்தவளிடம் இதற்கு மேல் என்ன சொல்வார்? மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். ஒருவேளைகூட விடாமல் சாப்பிட்டால் இழுக்கிற மட்டும் இழுக்கும், விட்டால் அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். படுக்கையை ஜன்னலோரம் போட்டார்கள். இரண்டு தலையணை முதுகுக்கு, வீங்கின காலுக்கு அடியில் ஒன்று. கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதே அவருக்கு இப்போது பத்து மாடி. பெர்ரிப் புட்டி கேட்பதை மட்டும் விடவில்லை; இருந்த புட்டிகள் தீர்ந்த பிறகும் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி முடிந்து டாக்டரம்மா எல்லோரையும் கூட்டினார். கேக் வெட்டினார்கள். கேன்டீன்காரர் ஜூஸ் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"மஞ்சள் மூடிதான் அசல்" என்றார் டாக்டரம்மா, சிரித்தபடி. "வெள்ளை வெறும் சாயத் தண்ணி. சாயம் கலந்தவங்க கொஞ்சம் கையைத் தாராளமா விட்டுட்டாங்கபோல. எத்தனை பேர் ஏமாந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜூஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த கேக் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அளவுக்காரியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றார்.

அவள் கடைசிவரை இருந்தாள். எல்லோரும் போன பிறகு டாக்டரம்மாவிடம் போய், "மேடம், அசலைக் குடிச்சிருந்தா மட்டும் அடைப்பு கரையுமா?" என்று கேட்டாள்.

"சேச்சே, யாரு சொன்னா? குழாய் கொஞ்ச நேரம் லேசா இளகுது, நீங்கதானே அளந்தீங்க. வருஷக்கணக்கா குடிச்சா நல்லதா இருக்கலாம், அதுகூட இன்னும் தெரியலை. குழாய் அடைச்சவங்களுக்கு இது எந்த மூலைக்கு?" டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியாது. "ஏன், யாராவது கேட்டாங்களா?"

"சும்மாதான் மேடம்" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மஞ்சளை எடுத்திருந்தாலும் இதே கதிதான். அதனால் மூடியை மாற்றி எடுத்தது பாவமே இல்லை. போன் போட்டதுதான் பாவம். அந்தக் கோட்டை மயிரிழை நகர்த்தி வைத்ததுதான் பாவம். தலைக்குமேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று நினைத்துப் பார்த்தாள். அதுவும் சமாதானம் ஆகவில்லை.

வீட்டில் நாத்தனார் அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இந்த நாட்களில் அப்படித்தான். திட்டினால்கூடத் தேவலை.

"இன்னிக்குச் சொல்லிட்டாங்களா?" என்றார் அவர். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகத்தான் பேச முடிந்தது. முடிவு சொல்கிற நாள் இது என்று அவருக்கு நினைவிருந்தது. "வெள்ளை என்ன? அசலா, தண்ணியா?"

அவள் மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்த விஷயம்தான். இந்த மனுஷர் நான்கு மாடி ஏறினதை நினைத்து நினைத்துத்தான் இன்றைக்கும் சிரிக்கிறார். நீ குடித்தது சாயம், நீ ஏறினது உன் பிரமை, நான் அளந்தது பொய் என்று இந்தப் படுக்கையில் வைத்துச் சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு நாக்கு வரும்?

"அசல்தாங்க" என்றாள். "நான் சொல்லலை? வெள்ளைதான் அசல்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓ" என்றார். பிறகு, "நான் என்னமோ தண்ணியா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்டி. இப்படி ஆயிடுச்சே, அப்ப குடிச்சது தண்ணியாத்தான் இருக்கும், இனிமே அசலைக் குடிச்சா எந்திரிச்சுடலாம்னு... அதைத்தான் நம்பிட்டு இருந்தேன்."

அவள் மாத்திரைகளை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"அசலையே குடிச்சும் இந்தக் கதின்னா," என்றார், "அப்புறம் என்ன இருக்கு."

"இல்லைங்க, இல்லைங்க." அவள் படுக்கையில் சரிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பொய் சொன்னேன். அது தண்ணிதான். சாயத் தண்ணி. மஞ்சள்தான் அசலாம், டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நாளைக்கே மஞ்சள் மூடி கொண்டு வரேன். ஜூஸ் அண்ணன்கிட்ட இருக்கு. சத்தியமா சொல்றேங்க, நீங்க குடிச்சது வெறும் தண்ணி!"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். குழந்தையைப் பார்ப்பதுபோல, பாவம் என்று பார்த்தார்.

"போடி. பொய் சொல்லக்கூட உனக்கு வராது" என்றார். "எனக்குத் தெம்பு வரணும்னு இப்ப மாத்திப் பேசறே. மொதல்ல சொன்னதுதான் நெசம். நீ அளந்தது எப்பவாவது தப்பாப் போயிருக்கா?"

"போயிருக்குங்க! உங்களுக்கு அளந்தது தப்பு! நானே ஏமாந்து..."

"சரி சரி. அழாதே." அவர் அவள் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுப்பதற்கே மூச்சு வாங்கியது. பிறகு கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மாத்திரை" என்றாள் அவள். "மாத்திரையை மட்டும் போட்டுக்கங்க."

அவர் திரும்பவில்லை. அவள் மாத்திரையையும் டம்ளரில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் குனிந்து, இடுக்கில் நின்றுகொண்டு, ஒரு கையால் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தலை கனத்தது. உதட்டருகே மாத்திரையைக் கொண்டுபோனாள். அவர் கண் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.